பின்னிருக்கையில் நம் பிள்ளை
மோட்டார் சைக்கிளைக் குழந்தைக்கு ஏற்றதாக்கும் முறை

காலை ஆறே முக்கால் மணிக்கு எங்கள் பள்ளி வாயிலில் நின்று பார்ப்பவருக்கு முதலில் தெரிவன பிள்ளைகளின் முகங்கள் அல்ல; ஒன்றன்பின் ஒன்றாய் வரும் மோட்டார் சைக்கிள் விளக்குகளே. விளக்கு அருகில் வந்த பிறகுதான் தகப்பனாரின் முதுகுக்குப் பின்னால் ஒரு சிறு தலைக்கவசமும், அதன் கீழே தொங்கும் இரண்டு வெள்ளைக் காலணிகளும் கண்ணுக்குப் புலனாகின்றன.

நான் பிள்ளையாய் இருந்த நாளில் லயத்திலிருந்து பள்ளிக்கு நடந்தே சென்றோம். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்திலேயே பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்ததன் பயனாகத் தோட்டப் பள்ளிகள் லயத்தை ஒட்டியே எழுந்தன. இன்றோ, தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. குடும்பங்கள் நகர ஓரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. பள்ளி இருந்த இடத்தில் இருக்கின்றது. பிள்ளைகள்தாம் தொலைவிலிருந்து வருகின்றனர். அவர்களைச் சுமந்து வருவது பெரும்பாலும் மோட்டார் சைக்கிளே.

இருளைப் பற்றியும் ஒரு சொல். 1982 சனவரி முதல் நாள் தொட்டு மேற்கு மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன. அதன் பின்னர் நம்மிடம் கதிரவன் ஏழு மணியை ஒட்டியே எழுகின்றான். ஆதலின் பிள்ளை இருளிலேயே வண்டியேறுகின்றது. பாதி உறக்கத்திலேயே பயணம் செய்கின்றது. இதனை நினைவில் கொண்டே பின்வருவனவற்றைப் படிக்குமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டுகின்றேன்.

ஒரு குதிகாலின் கதை

ஈராண்டுகளுக்கு முன் எங்கள் முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் இடக்கால் ஓடும் வண்டியின் பின்சக்கரத்துள் சிக்கியது. குதிகாலின் தோலும் சதையும் பிய்ந்து, ஆறு வாரம் பள்ளிக்கு வரவில்லை. தகப்பனார் என்னிடம் படித்தவர். மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டு, "ஐயா, நான் மெதுவாத்தான் வந்தேன். கத்துன சத்தம் கேட்டுத் திரும்பறதுக்குள்ள முடிஞ்சு போச்சு" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. பிறகு அவ்வண்டியைக் கண்டேன். பிள்ளை அமரும் இடத்திலிருந்து அதன் கால்நீளத்தை அளந்து பார்த்தால், கால்மிதிக்கும் அதன் பாதத்திற்கும் இடையே ஒன்பது சென்டிமீட்டர் இடைவெளி. உறக்கம் கண்ணைச் சுழற்ற, ஊன்ற இடமின்றித் தொங்கிய கால் உள்ளே ஊசலாடிச் சக்கரத்தைத் தொட்டிருக்கின்றது. குற்றம் வேகத்தில் இல்லை. ஒன்பது சென்டிமீட்டரில் இருந்தது. அந்த ஒன்பது சென்டிமீட்டரை எவ்வாறு நிரப்புவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வண்டி யாருக்காகச் செய்யப்பட்டது?

நம் நாட்டில் 'கப்சாய்' என்று வழங்கும் சிறுவண்டியின் முன்னோடி, 1958ஆம் ஆண்டு சப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப் ஆகும். 'கப்' என்னும் அப்பெயருடன் சிறியது என்னும் பொருள்படும் சீனச் சொல் சேர்ந்து 'கப்சாய்' ஆயிற்று என்பர். உணவுக்கடைப் பையன் ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்தி மறு கையால் ஓட்டத் தக்கதாக இருக்கவேண்டும் என்பது அதனை வடிவமைத்தோர் கருத்து. 2017ஆம் ஆண்டுக்குள் அவ்வகை வண்டிகள் பத்துக்கோடி செய்யப்பட்டுவிட்டன. எளிமையும் சிக்கனமும் நிறைந்த நல்ல வண்டி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் இருக்கையும் கால்மிதியும் கைப்பிடியும் வளர்ந்தவர் உடலை அளவாகக் கொண்டு செய்யப்பட்டவை. ஏழு வயதுப் பிள்ளை, தந்தையின் சட்டையை அணிந்ததுபோல் அதில் அமர்ந்திருக்கின்றது.

பிள்ளை என்பது சிறிதாக்கப்பட்ட பெரியவர் அன்று. வளர்ந்தவருக்குத் தலை உடல் உயரத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஆறில் ஒரு பங்கு. தலை பெரிது, கழுத்துத் தசையோ மெலிது, கைப்பிடி தளர்ச்சி. இவற்றோடு வண்டியின் இயக்கத்தையும் கூட்டிப் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கின்றது. அதனை இரண்டு நொடிக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் நிறுத்தினால், 20 கிலோ எடையுள்ள பிள்ளையின் உடல் ஏறத்தாழ 10 கிலோ எடைக்கு ஈடான விசையோடு முன்னே உந்தப்படும். முன்னே தகப்பனாரின் முதுகு உண்டு. ஆனால் புறப்படும்போது உடல் பின்னே தள்ளப்படுகின்றது. அங்கே தாங்க ஒன்றுமில்லை. ஆதலின் நாம் செய்ய வேண்டியவை மூன்று: காலுக்கு ஊன்றுகோள், முதுகுக்குத் தாங்கல், சக்கரத்துக்கும் சூட்டுக்கும் தடுப்பு.

கால்மிதி

மூன்றனுள் முதன்மையானது கால்மிதி. பட்டறைகளில் இதனைப் 'புட்ரெஸ்ட்' என்பர். பாதம் ஊன்றினால்தான் தொடை இருக்கையை அணைக்கும். தொடை அணைத்தால்தான் இடுப்பு நிலைக்கும். இடுப்பு நிலைத்தால்தான் கை அளவாகப் பிடிக்கும். கால் தொங்கினால் இம்மூன்றும் கெடும்.

அளக்கும் முறை எளிது. வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்துக. பிள்ளையைப் பள்ளிக் காலணியோடு பின்னிருக்கையில் அமர்த்துக. முழங்கால் சற்றே மடிந்து, பாதம் தரைக்கு இணையாக இருக்கும் நிலையில் காலணியின் அடிப்பகுதி எங்கு நிற்கின்றதோ அங்கு ஒரு குறியிடுக. அதுவே புதிய கால்மிதியின் இடம். இருபுறமும் ஒரே உயரமாக இருத்தல் வேண்டும்.

இனி அதனைப் பொருத்தும் முறை. நாலு மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகட்டை எடுத்து, அதில் மேலிருந்து கீழாக மூன்று துளைகள் இடைவிட்டு இடச் செய்தோம். தகட்டைப் பின்கால்மிதி தாங்கியோடு இரண்டு போல்ட்டுகளால் இணைக்க வேண்டும். ஒரே போல்ட்டு போதாது. மிதிக்கும்போது தகடு சுழன்றுவிடும். நட்டு அதிர்ச்சியில் கழலாதிருக்க, உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டையே கேட்டு வாங்குக. வேண்டிய உயரத்துத் துளையில் மடக்கும் கால்மிதி ஒன்றை மாட்டி, அதன்மேல் ரப்பர் உறை இடுக. மடங்காத கம்பியை வைத்தல் கூடாது. என்னை? வண்டி சாய்ந்து விழுந்தால் மடங்காத கம்பி தரையில் ஊன்றி வண்டியைப் புரட்டும். அருகில் நிற்போரின் காலையும் கிழிக்கும்.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, வண்டியின் சட்டகத்தில் பற்றவைப்பு செய்யாதீர். சூட்டால் இரும்பு வலிவிழக்கும். மேலும் சட்டகத்தை மாற்றுவது போக்குவரத்து இலாகாவின் அனுமதிக்குரிய செயல். நாம் சொல்லும் யாவும் போல்ட்டால் மாட்டி, வேண்டாதபோது கழற்றக் கூடியவையே. இரண்டாவது, பழைய வகை வண்டிகள் சிலவற்றில் பின்கால்மிதி, சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கவையில் பொருத்தப்பட்டிருக்கும். அதில் தகட்டை மாட்டினால் ஒவ்வொரு குழியிலும் பிள்ளையின் முழங்கால் துள்ளும். அத்தகைய வண்டியில் ஆடாத சட்டகத்தையே பற்றி நிற்கும் கவ்வியை, ரப்பர் வைத்து இறுக்குதல் நன்று.

பொருத்தி முடித்ததும் சோதிக்க வேண்டும். பிள்ளையின் எடை 20 கிலோதானே என்று கருதலாகாது. குழியில் இறங்கி எழும்போது அதன் சுமை இரட்டிப்பாகலாம். ஆதலின் வண்டியை நிறுத்தி வைத்து, வளர்ந்தவர் ஒருவர் கால்மிதியில் ஏறி நின்று பார்க்க. வளையாமல் நின்றால் அது தகும்.

சக்கரமும் புகைக்குழாயும்

இந்தியாவில் மோட்டார் சைக்கிள்களின் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத பகுதியை மூடும் தடுப்பு வேண்டும் என்று விதி உண்டு. புடைவைத் தலைப்பு சக்கரத்தில் சுற்றிக்கொள்வதைத் தவிர்க்க எழுந்த விதி அது. அக்கம்பித் தடுப்பை நம் ஊரிலும் சிலர் வாங்கி மாட்டுகின்றனர். ஆனால் புடைவையைத் தடுக்கும் இடைவெளி சிறு பாதத்தைத் தடுப்பதில்லை. கம்பிகளுக்கிடையே பிள்ளையின் காலணி முனை நுழையுமாயின், அதன்மேல் நெருக்கமான வலையையோ மெல்லிய தகட்டையோ இறுகக் கட்ட வேண்டும். ஆரக்கம்பி இல்லாத வார்ப்புச் சக்கரமாயின் இடரில்லை என்று எண்ணுவாருமுளர். அது தவறு. வார்ப்புச் சக்கரத்தின் கைகள் அகன்றவை. அவற்றினிடையே கால் இன்னும் எளிதாக நுழையும். இடப்புறத்துச் செயினுக்கு முழு மூடியிருப்பது நலம்.

வலப்புறம் புகைக்குழாய். அதன்மேல் தொழிற்சாலை இட்ட தகடு துருப்பிடித்து உதிர்ந்திருந்தால் உடனே மாற்றுக. தகட்டுக்கும் குழாய்க்கும் இடையே காற்றுப் புகும் இடம் இருக்க வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் தகடும் சுடும். பெரும்பாலான சூட்டுக் காயங்கள் ஓட்டத்தில் நேர்வன அல்ல, இறங்கும்போது நேர்வன. ஆகவே பிள்ளை எப்போதும் இடப்புறமே ஏறி, இடப்புறமே இறங்கப் பழக்க வேண்டும். நாம் சாலையின் இடப்புறம் செல்பவர்கள். ஆதலின் அதுவே சாலையோரமும் ஆகும். தப்பித் தவறிச் சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுக. பற்பசை, சோயா நீர் முதலியவற்றைப் பூசும் பழக்கத்தை விடுக.

முதுகுத் தாங்கலும் பட்டையும்

வண்டியின் பின்புறக் கைப்பிடிக் கம்பியில் போல்ட்டிட்டு மாட்டும் முதுகுத் தாங்கல் கடைகளில் கிடைக்கின்றது. அது பிள்ளையின் தோள்பட்டைக்குக் கீழே வரை உயர்ந்திருந்தால் போதும். அதற்கும் தகப்பனாரின் முதுகுக்கும் இடையே பிள்ளை நெருங்கி அமர வேண்டும். நெருக்கம் குறைந்தால் சிறு பஞ்சணை ஒன்றைத் தாங்கலில் கட்டுக. இருக்கையின் மேலுறை வழவழப்பாய் இருந்தால் சொரசொரப்பான உறைக்கு மாற்றுக. மழைநாளில் வழுக்கும் இருக்கையே பிள்ளையை ஒருபுறம் சரியச் செய்கின்றது.

உறங்கிச் சாயும் பிள்ளைக்குப் பட்டை உண்டு. பிள்ளையின் மார்பையும் தோளையும் சூழ்ந்து, ஓட்டுநரின் இடுப்போடு இணைவது அது. இந்திய நடுவணரசு 2022 பிப்ரவரியில் வெளியிட்ட விதியின்படி, ஒன்பது திங்கள் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை ஏற்றினால் இத்தகைய பட்டையும் தலைக்கவசமும் வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பட்டை 30 கிலோ எடை தாங்க வேண்டும் என்பதும் அவ்விதியில் அடங்கும். ஓராண்டுக்குப் பின் அது நடைமுறைக்கு வந்தது.

இதற்கு மறுப்புக் கூறுவோர் உளர். விபத்தில் பெரியவர் வீசப்பட்டால் பிள்ளையும் உடன் இழுக்கப்படுமே என்பது அவர் வாதம். புறக்கணிக்கத் தக்க வாதம் அன்று. ஆயினும் பட்டையின் பணி இன்னதென்று தெளிந்தால் விடை தோன்றும். பட்டை மோதலிலிருந்து காப்பதற்கு அன்று. உறங்கிய பிள்ளை சரிந்து விழாமல் தாங்குவதற்கே. உறங்கும் வயதுப் பிள்ளைக்கு அது வேண்டும். விழித்திருந்து தானே பிடிக்கும் வயது வந்தபின் விட்டுவிடலாம். எவ்வாறாயினும் சால்வையாலும் கைலியாலும் முடிச்சிட்டுக் கட்டுதல் அறவே கூடாது. ஒரு கையால் அழுத்தினால் கழலும் கொக்கி இருத்தல் வேண்டும்.

முன்னே மாட்டும் பிரம்பு நாற்காலி

குழந்தையைக் கண்முன்னே வைத்துக்கொள்ளலாம் என்று கப்சாயின் நடுவே பிரம்பு நாற்காலி மாட்டும் வழக்கம் நம் நாட்டில் நெடுநாளாக உண்டு. அன்பினால் விளைந்த வழக்கமே. ஆயினும் எண்ணிப் பாருங்கள். மோதல் நேர்ந்தால் குழந்தை கைப்பிடிக்கும் தகப்பனாரின் உடலுக்கும் இடையே நசுங்கும். முதல் அடி வாங்குவது அதுவே. குழந்தை கைப்பிடியைப் பற்றி இழுத்தால் வண்டி திரும்பும். நாற்காலியின் விளிம்பு தடுத்தால் வண்டி திரும்பாது. இரண்டும் கேடே. மேலும் ஓட்டுநரைத் தவிர ஒருவரை மட்டுமே ஏற்றலாம் என்பது சட்டம். முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்று இரு பிள்ளைகளைக் கொணரும் தகப்பனார்களை நான் நாள்தோறும் காண்கின்றேன். அவர்களிடம் சினந்து பயனில்லை. வேலைக்கு நேரமாகின்றது என்பது மெய்யான துன்பம். அண்டைவீட்டாரோடு சேர்ந்து ஆளுக்கொரு பிள்ளையாய்ப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டைப் பெற்றோர் சங்கம் செய்து கொடுக்கலாம்.

தலைக்கவசம்

மலேசியாவில் மோட்டார் சைக்கிளில் தலைக்கவசம் அணிவது 1973ஆம் ஆண்டு விதிகளால் கட்டாயமாயிற்று. தலைக்கவசம் மரணத்தை ஏறக்குறைய 42 விழுக்காடும், தலைக்காயத்தை 69 விழுக்காடும் குறைக்கின்றது என்று பல ஆய்வுகளை ஒருங்கே சீர்தூக்கிய அறிஞர் கண்டுள்ளனர். ஆனால் பெரியவரின் கவசத்தைப் பிள்ளைக்கு அணிவித்தல் அணியாததற்கு ஒப்பு. பட்டையை மாட்டியபின் பிள்ளை தலையை இடவலமாக ஆட்டச் சொல்லுக. தலை மட்டும் ஆடிக் கவசம் நின்றால் அது பெரிது. தாடைப்பட்டைக்கும் தாடைக்கும் இடையே இரண்டு விரல் மட்டுமே நுழைய வேண்டும். கழுத்து மெலிந்த பிள்ளைக்கு எடை குறைந்த கவசமே தகும். சிரிம் முத்திரை உள்ளதா என்றும் பார்த்து வாங்குக. ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் பயன்படுத்தலாகாது.

புத்தகப் பை

ஆசிரியர்களாகிய நாம் பொறுப்பேற்க வேண்டிய பகுதி இது. 20 கிலோப் பிள்ளையின் முதுகில் ஐந்து கிலோப் பை தொங்கினால் அதன் எடையில் கால்பங்கு பின்னே இழுக்கின்றது என்று பொருள். வண்டி புறப்படும்போது அப்பையே பிள்ளையைப் பின்னே சாய்க்கும் கயிறு. முதுகுத் தாங்கலோடு நெருங்கி அமரவும் பை விடாது. எனவே பையைக் கழற்றி முன்கூடையில் வைக்க வேண்டும். கூடையில்லையேல் நடுவிலுள்ள கொக்கியில், கைப்பிடி திரும்பத் தடையில்லாதவாறு மாட்ட வேண்டும். கைப்பிடியின் ஒரு முனையில் தொங்கவிடுதல் கூடாது. எந்நூல் எந்நாளுக்கு வேண்டும் என்பதை முதல்நாளே அறிவித்தால் பாதிப் பாரம் குறையும். அதற்குப் பட்டறையும் வேண்டா, பணமும் வேண்டா.

மழைச்சட்டையின் வால் சக்கரத்தை எட்டாதவாறு உள்ளே செருகுக. செருப்பு வேண்டா, காலணியே வேண்டும்.

எந்த வயதில் ஏற்றலாம்?

சிங்கப்பூரில் பத்து வயது நிரம்பாத பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்ற முடியாது. ஆஸ்திரேலிய விதிகள் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பக்கப்பெட்டியில் அன்றிப் பின்னிருக்கையில் ஏற்ற இடந்தருவதில்லை. அந்நாடுகளின் முடிவு நமக்கு ஓர் எச்சரிக்கை. பேருந்தோ சிற்றுந்தோ கிடைக்கும் பெற்றோர் அதனையே தேர்ந்தெடுப்பது அறிவுடைமை. நம் நாட்டுச் சாலை மரணங்களில் பத்தில் ஆறுக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிளில் செல்வோருடையவை என்பதை மறவாதீர். நான் மேலே கூறியவை வண்டியை ஆபத்தற்றதாக்கிவிடா. வேறு வழியில்லாத குடும்பத்தின் பிள்ளை, தவிர்க்கக்கூடிய காயத்தைத் தவிர்க்க உதவும். அவ்வளவே.

நாம் செய்யக் கூடியது

பயிற்சிக் கல்லூரியில் நமக்குக் கற்பித்த முதல் பாடம், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல். நம் பிள்ளைக்கு நன்கு தெரிந்த பொருள் தன் வீட்டு மோட்டார் சைக்கிள். எங்கள் ஐந்தாம் ஆண்டு மாணவர் நீட்டலளவைப் பாடத்தில் தம் கால்நீளத்தை அளந்து, தகப்பனாரின் வண்டிக் கால்மிதியின் தாழ்வையும் அளந்து, இரண்டின் வேறுபாட்டைக் கணக்கிட்டனர். அவ்விடையைத் தாளில் எழுதி வீட்டுக்குக் கொண்டுசென்றனர். நான் மூன்று கூட்டங்களில் பேசியும் அசையாத பெற்றோர் சிலர், தம் பிள்ளை எழுதிய எண்ணைக் கண்டு பட்டறைக்குச் சென்றனர்.

வாயிலில் கடமையாற்றும் ஆசிரியர் கேட்க வேண்டிய வினாக்கள் ஐந்தே. கால் ஊன்றுகின்றதா? சக்கரம் மூடியுள்ளதா? முதுகுக்குத் தாங்கல் உண்டா? தலைக்கவசம் ஆடாமல் நிற்கின்றதா? பை பிள்ளையின் முதுகில் இல்லாமல் இருக்கின்றதா? இவற்றைக் குற்றஞ்சாட்டும் குரலில் கேட்டால் அடுத்த நாள் தகப்பனார் தூரத்திலேயே பிள்ளையை இறக்கிவிட்டுப் போவார். "தம்பி, காலுக்கு ஒரு கட்டை வெச்சா பிள்ளைக்கு வசதியா இருக்குமே" என்று சொல்லிப் பாருங்கள். வண்டியை நிறுத்திக் கேட்பார்.

அந்தக் குதிகால் காயம்பட்ட மாணவி இன்று மூன்றாம் ஆண்டில் படிக்கின்றாள். தழும்பு இருக்கின்றது, நொண்டல் இல்லை. அவள் தகப்பனார் வண்டியில்தான் எங்கள் முதல் தகட்டைப் பொருத்தினோம். முதலில் மேல்துளையில் இருந்த கால்மிதியைச் சென்ற ஆண்டு நடுத்துளைக்கு இறக்கினார். இவ்வாண்டுப் பள்ளி தொடங்கிய வாரத்தில் வாயிலில் வண்டியை நிறுத்தி, "ஐயா, கடைசி ஓட்டைக்கு வந்திட்டோம்" என்றார். பிள்ளை பின்னிருக்கையில் இரு பாதங்களையும் ஊன்றி, விழித்தபடி அமர்ந்திருந்தது.